நல்லாத்தான் இருக்கறானுங்க

டம்ளர் ஆடவில்லை. தாமு அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கவில்லை, விளிம்பை மூன்று விரலால் பற்றிக்கொண்டு ஒற்றைக் கையில் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான், ஒரு சொட்டுச் சிந்தவில்லை, துளசிமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பொழப்பு இது என்று தன்னையே வைதுகொண்டாள். கூடப்பிறந்தவன் கை நடுங்காமல் ஒரு வாய் டீ குடிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று சென்னிமலைக்குப் படியேறியவள், தலைமுடியைக் கொடுத்தவள், ஞாயிற்றுக்கிழமை கறி தின்பதை விட்டவள். முருகனும் ஆற அமரத்தான் என்றாலும் கேட்டதைக் கொடுத்துவிட்டார். இப்போது அவளே ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஆடு, கொஞ்சமாவது ஆடு, இன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஆடித் தொலை என்று அந்தக் கையைப் பார்த்துக் கெஞ்சுகிறாள். கை நின்றுவிட்டால் அனுப்பிவிடுவார்கள். குடியை நிறுத்தும் இந்த வார்டில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, கூட்டுகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். ஆஸ்பத்திரி தனியாருடையது, செலவு அரசாங்கத்தின் காப்பீட்டு அட்டையில், நடுவில் ஒரு கம்பெனி. எத்தனை நாள் படுக்கை என்று முடிவு செய்வது வார்டு டாக்டர் அல்ல, அந்தக் கம்பெனி. தாமுவுக்குக் கொடுத்த நாள் இன்றோடு முடிகிறது. இன்னும் வேண்டும் என்று வார்டு டாக்டர் கேட்டிருக்கிறார். கம்பெனியின் டாக்டர் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு வீடியோவில் கூப்பிடுவார், தாமுவிடமும் அவளிடமும் பேசுவார், பேசிவிட்டு இன்னொரு மாதம் இருக்கட்டும் என்பார், இல்லாவிட்டால் சாயங்காலமே வீட்டுக்கு என்பார். காலையிலேயே கூப்பிடுவதாகச் சொன்னார்கள், வெயில் ஜன்னலைத் தாண்டிப் பெஞ்சுக்கே வந்துவிட்டது, இன்னும் கூப்பிடவில்லை.

கவுன்சலர் மெர்சி மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தார். மெர்சி நாகர்கோயில் பக்கம். பேச்சு இழுத்து இழுத்து வரும், ஆனால் சுற்றி வளைக்காது. "பாருங்கம்மா, நீங்க பொய் சொல்லண்டாம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், உள்ளத அப்படியே சொல்லுங்க. அவங்க கேக்கது ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஆளு வீட்டுக்குப் போனா உயிருக்கு ஆபத்து உண்டுமா, இல்லையா. உண்டும்னு உங்க வாயில இருந்து வரணும். நாங்க எழுதினா நம்ப மாட்டாங்க, கட்டில் காலியாக் கிடக்கக் கூடாதுன்னு எழுதுறோம்னு நினைப்பாங்க." முன்னெல்லாம் எப்படி என்று துளசிமணி கேட்டாள், என்னவோ கேட்கத் தோன்றியது. "முன்ன டாக்டர் சொல்லதுதான். உள்ள வந்தவன், இனி நான் சமாளிச்சுக்கிடுவேன், வீட்டுக்குப் போறேன்னு அவனாச் சொல்லது வரைக்கும் வச்சுக்கிடுவோம். இப்பம் நடுக்கம் நின்னா கம்பெனிக்கு வேலை முடிஞ்சுது. மனசு தேற அவங்க பாக்கேஜ்ல நாள் கிடையாது." பாக்கேஜ் என்றால் துளசிமணிக்குத் தெரிந்தது பழனி, திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்று பஸ்காரர்கள் கூட்டிப்போவதுதான், அதிலும் ஒரு கோயிலில் சாமி இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் விசில் ஊதி ஏற்றிவிடுவார்கள். அவள் சிரித்துவிட்டாள். மெர்சி சிரிக்கவில்லை. தாமுவின் பக்கத்துக் கட்டில்காரர், கரூர் பக்கத்து ஆள், தெளிந்துவிட்டார் என்று போன முறை அனுப்பப்பட்டவர், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மஞ்சள் கண்ணோடு திரும்பி வந்து படுத்திருந்தார். முந்தாநாள் அந்தக் கட்டிலுக்கு வேறு விரிப்பு போட்டிருந்தார்கள், எங்கே அவர் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சொல்லிவிடலாம். அதிலென்ன, வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டியதுதான். என்ற தம்பி உசுருக்கு ஆபத்து இருக்குதுங்க. அவ்வளவுதானே, ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், பால் சொசைட்டியில் அளவு குறைந்தால் எழுந்து நின்று சத்தம் போடுகிற வாய்தான் இது. மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், வந்தது. இரண்டாம் தடவை சொல்லும்போது, ஆபத்து என்ற சொல் ஏதோ கரண்ட் கம்பத்தில் மண்டையோடு போட்டு எழுதியிருப்பதுபோல அவளுக்கே அந்நியமாக இருந்தது, அதை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள், செத்துப்போயிருவானுங்க, அது இன்னும் மோசம், அதைச் சொல்கிற நாக்கு விளங்குமா, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக. தாமு டம்ளரைக் கீழே வைத்தான். காலியான டம்ளரைக் காலுக்கடியில் யாரும் தட்டிவிடாதபடி பெஞ்சின் காலோரமாக ஒட்டி வைத்தான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஒழுங்கு அதிகம், குடித்துவிட்டு வரும்போதுகூடச் செருப்பை ஜோடியாக விட்டுவிட்டுத்தான் விழுவான். அவனுடைய மனைவி அவனை விட்டுப் போகிற அன்றைக்கு அதைச் சொல்லித்தான் அழுதாள். எல்லாம் ஒழுங்காச் செய்யறாருங்க்கா, குடிக்கறதையும் ஒழுங்காச் செய்யறாரு என்று சொல்லிவிட்டுப் போனவள் போனவள்தான்.

நேற்றுப் பார்க்க விடுகிற நேரத்தில் அவன் ஒன்று கேட்டான். அதுதான் அவளைப் படுத்துகிறது. "அக்கா, நான் இன்னுங் கொஞ்ச நாளு இங்கயே இருக்கறனே" என்றான். அவனாக. கூட்டிவரும்போது காரில் இருந்து குதிக்கப் பார்த்தவன். துளசிமணி ஏன் சாமி, சோறு நல்லாப் போடறாங்களா என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ராத்திரிக்கு இங்க ஆராச்சும் முழிச்சுட்டே இருக்கறாங்கக்கா" என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, கேட்டால் அவன் சொல்லிவிடுவானோ என்ற பயம். அவன் பொய் சொல்வதில் மன்னன். பள்ளிக்கூடம் போனேன் என்பான், கிணற்றில் குளித்த தலை ஈரம் சொட்டும். சம்பளம் போடவில்லை என்பான், சட்டைப்பையில் பிராந்திக்கடை வாசம் வரும். விட்டுவிட்டேன் அக்கா, சத்தியமாக விட்டுவிட்டேன் என்று அவள் தலையில் கை வைப்பான், அந்தக் கை அவள் தலையிலேயே நடுங்கும். இத்தனை வருடமும் அவன் பொய்யை அவள் கண்டுபிடிப்பாள், அவள் கண்டுபிடித்ததை அவன் கண்டுபிடிப்பான், இருவரும் சேர்ந்து அந்தப் பொய்யை ஊருக்குச் சொல்வார்கள். அப்படியே பழகிவிட்டது. நேற்றுச் சொன்னது மட்டும் பொய் இல்லை. நிஜத்தை அவன் வாயிலிருந்து கேட்கும்போது இப்படித்தான் இருக்குமா, இத்தனை சின்னக் குரலிலா வரும் என்று அவளுக்கு ராத்திரி முழுக்க வெசனமாக இருந்தது.

மோட்டார் ரூம். நினைக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் ஒதுங்கிப் போய் ஒவ்வொரு முறையும் அங்கேயேதான் வந்து நிற்கிறாள். வெளுத்த வெயில், காலைச் சோறு முடிந்து எச்சில் தட்டுகூடக் கழுவவில்லை, வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, ஆனால் தண்ணீர் திருப்பிவிடப் போனவனைக் காணோம், சோளத்தட்டு அறுக்கப் போனவள் அருவாளோடு அப்படியே மோட்டார் ரூமுக்குப் போனாள், அருவாள் கையில் இருந்ததால்தான் கயிற்றை உடனே அறுக்க முடிந்தது. தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. அவனைத் தோளில் தாங்கி, கீழே கிடத்தி, மூச்சு வருகிறதா வருகிறதா என்று கன்னத்தில் அறைந்து, அது வந்ததும் முதலில் அவளுக்கு என்ன தோன்றியது? சாமி காப்பாத்துச்சு என்றா? இல்லை. ஆரும் பாக்கல என்று தோன்றியது. அதை யாரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டாள். கழுத்தில் செக்கச்செவேலென்று தடம். மோட்டார் பெல்ட் அறுந்து கழுத்தில் அடித்துவிட்டது என்று அவள்தான் சொன்னாள், தோட்டத்து வரப்பிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் முழுசாக ஜோடித்துவிட்டாள். பெல்ட் வைத்த மோட்டாரெல்லாம் போய் எந்தக் காலமாச்சு, அவர்கள் தோட்டத்தில் கிணற்றுக்குள் இறக்கிய மோட்டார், பெல்ட்டே கிடையாது. ஊரில் அத்தனை பேருக்கும் அது தெரியும். அத்தனை பேரும் ஆமாங், பெல்ட்டு பொல்லாதது என்றார்கள். பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருத்தி மட்டும் அருகில் வந்து, என்ற கொழுந்தனாருக்குக் கூட இப்படித்தான் பெல்ட்டு அடிச்சுது துளசி, அவரு பொழைக்கல என்று சொல்லிவிட்டு எருமையை ஓட்டிக்கொண்டு போனாள்.

ஊர் அப்படியே விழுங்கிக்கொண்டதை சம்பந்தி வீடு விழுங்குமா. இதோ வருகிற வளர்பிறையில் மகள் சௌமியாவுக்கு நிச்சயம். பெண் படித்தவள், பையனுக்கு வெள்ளகோயிலில் சொந்தமாக எண்ணெய் மில், சொந்தம் என்று சொல்லிக்கொள்ள நல்ல ஒரம்பரை, பேச்சில் ஒரு சுடுசொல் இல்லாத மனிதர்கள். பையனின் அம்மா வந்தபோது சௌமியாவின் கையைப் பிடித்துக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மாமனைக் காணோமே என்றார்கள். கம்பெனி வேலையா வடக்க போயிருக்கறானுங்க, நிச்சயத்துக்கு வந்துருவானுங்க என்று துளசிமணியின் வீட்டுக்காரர் சொன்னார், சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார். அன்றைக்குச் சாயங்காலம், அவர் கெட்டவர் இல்லை, தாமுவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிவிட்டவர், ஆனாலும் சொன்னார், "குடிக்கறான்னா ஒத்துக்குவாங்க, எந்த ஊட்ல குடிக்காம இருக்கறாங்க. அந்த இன்னொண்ணு மட்டும் வெளிய வந்துச்சுன்னு வெய்யி, உங்க வம்சத்துலயே இருக்குதுன்னு சொல்லி எந்திரிச்சுப் போயிருவாங்க." வம்சம். சௌமியாவின் முகம் அப்படியே தாமுவின் முகம், அந்த நெற்றி, அந்தப் புருவம், யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பது. சின்ன வயதில் அதற்குப் பெருமைப்பட்டவள் துளசிமணி. மாமன் வந்து நிற்காமல் நிச்சயம் நடக்காது, தட்டை அவன்தான் வாங்க வேண்டும், மாலையை அவன்தான் போட வேண்டும், அவனுக்கு எடுத்த சட்டை பீரோவில் பாலித்தீன் பிரிக்காமல் இருக்கிறது, காலர் உயரமாகப் பார்த்து எடுத்தாள். இங்கே இன்னொரு மாதம் என்றால் அந்தச் சட்டைக்குள் யார் நிற்பது? சீ, என்ன நினைப்பு இது, உயிரைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில் சட்டையைப் பற்றி. ஆனால் நினைப்பு என்ன, கூப்பிட்டால் வருகிற கன்றுக்குட்டியா.

கவுண்டரில் வேறொரு வீட்டாருக்குக் கம்பெனி கூப்பிட்டது. கவுண்டரில் இருக்கும் பெண் டேப்லெட்டை ஒரு சானிடைசர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். மறைவு ஒன்றும் கிடையாது, நடைபாதையில் நடக்கிற பேச்சுதான், மருந்து வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றபடியே வேடிக்கை பார்க்கலாம். வயசான அப்பன் ஒருவர், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டேப்லெட்டைப் பார்த்துக் கும்பிடு போட்டார். எப்படி இருக்கார் உங்க பையன் என்று உள்ளிருந்து குரல் கேட்டது. நல்லா இருக்கான் சாமி, உங்க புண்ணியத்துல நல்லா இருக்கான் என்றார் பெரியவர். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. கவுண்டர் பெண் வந்து, ஏன் தாத்தா இப்படிச் சொன்னீங்க என்று கேட்டதற்கு அவர் திகைத்துப்போய், பெரிய மனுசர் எப்படி இருக்கீங்கன்னு மரியாதையாக் கேக்கறப்ப நல்லா இல்லீங்கன்னா சொல்லுவாங்க என்றார். துளசிமணிக்குக் கோபம் வந்தது. புத்தி கெட்ட மனுசன், பெத்த பிள்ளையை ஒரு மரியாதைக்காகவா பலிகொடுப்பது, அப்படி என்ன வெட்டி மரியாதை என்று அந்தப் பெரியவரின் முதுகைப் பார்த்து மனதுக்குள் ஏசித் தீர்த்தாள். நானாக இருந்தால் பட்டென்று சொல்லியிருப்பேன். தெம்பாக இருந்தது அப்படி நினைக்க. பினாயில் வாசம், யாரோ ஒருவரின் சாப்பாட்டுக் கூடையிலிருந்து பருப்பு வாசம், ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிடுகிறது, தாமு அவள் பக்கம் சாய்ந்து, "அக்கா, நானே சொல்லிர்றேன்" என்றான் மெதுவாக, "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உனக்கு வராது. நான் சொல்லிர்றேன்." அவள் அவன் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். அப்போதுதான் தாமோதரன் வீட்டாரு வாங்க என்று கவுண்டர் பெண் கூப்பிட்டாள்.

கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல டேப்லெட்டில் முதலில் அவள் முகம்தான் தெரிந்தது, அதற்குமேல் ஒரு ஓரத்தில் ஒரு இளவயது ஆள், மூக்குக்கண்ணாடி, சட்டைக் காலர், பின்னால் வெள்ளைச் சுவர். மெர்சி மேடம் இரண்டு அடி தள்ளி நின்றார், பேசுகிற சமயத்தில் அவர் வாய் திறக்கக் கூடாது, அது கம்பெனி சட்டம். "வணக்கங்க. பேசண்டுக்கு நீங்க என்ன வேணுங்க?" என்றது குரல். அந்த 'வேணுங்க'வைக் கேட்டதும் துளசிமணி சட்டென்று நிமிர்ந்தாள், நம்ம பக்கத்துப் பேச்சு. மெட்ராஸ்காரர், இங்கிலீசு பேசுகிறவர், யாரோ எவரோ என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அக்காங்க, என்றாள். பேர் கேட்டார், சொன்னாள். அப்பா பேர், சொன்னாள். ஊர் கேட்டார். கல்லாங்காட்டுவலசுங்க. "அட, கல்லாங்காட்டுவலசுங்களா! நமக்கு வெள்ளகோயிலுங்க. எங்க சின்னம்மாவ உங்க ஊருக்குத்தான குடுத்திருக்குது. மேக்காலத் தோட்டங்க, தெரியுமுங்களா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது, பாவம், நாள் முழுக்க ஊர் பேர் தெரியாதவர்களோடு மாரடிப்பவர். தெரியுமுங்க என்றாள் துளசிமணி. தெரியாமல் என்ன, எருமையை ஓட்டிக்கொண்டு போனவளுடைய பங்காளி வீடு. வெள்ளகோயில். எண்ணெய் மில்லுக்கு எத்தனை தூரத்தில் இருக்கும் இவர் வீடு, ஒரே தெருவாகக்கூட இருக்கும், நிச்சயத்துக்கே வந்து நின்றாலும் நிற்பார், முதல் பந்தியில் உட்காருவார், உங்கள எங்கயோ பாத்திருக்கறனேங்க என்பார். தாமுவின் குரல் எங்கிருந்தோ கேட்டது. டாக்டர் அவனைத்தான் கேட்டிருக்கிறார், எப்படி இருக்கறீங்க என்று. அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நல்லா இல்லீங்க" என்றான். இரண்டு கையையும் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல நிதானமாக. "குடிக்கோணும்னு தோணலீங்க. ஆனா விடியக்காலைல முழிப்பு வந்தாப் போதும், எதுக்கு முழிச்சோம்னு இருக்குதுங்க. இங்க ஆளு இருக்கறதால படுத்துக் கெடக்கறனுங்க. ஊட்டுக்குப் போனா நான்..." அடுத்த சொல் வரப்போகிறது, அது அவன் தொண்டைக்குழியில் ஏறுவதை அவள் பார்த்தாள், மருந்து வரிசையில் நிற்கிறவர்கள் பார்த்தார்கள், வெள்ளகோயில் பார்த்தது. "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க!" என்றாள் துளசிமணி. அவளுடைய குரல்தான், ஒரம்பரை வந்தால் வருகிற அந்தச் சிரித்த குரல். "ஊட்டு நெனப்புங்க அவனுக்கு. சும்மா பேசறானுங்க. இப்பல்லாம் நல்லாத்தான் இருக்கறானுங்க. நல்லாச் சாப்படறான், கையி நடுக்கம் சுத்தமா நின்னு போச்சுங்க." மெர்சி ஒரு அடி முன்னால் வந்து, "சார், பேஷண்ட் சொல்லத முழுசாக் கேளுங்க" என்றார். "மேடம், நீங்க ஊடால பேசக் கூடாதுங்க, ரெக்கார்டு ஆகுது" என்றார் டாக்டர். அவர் ஒன்றும் கல்நெஞ்சர் இல்லை, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு குனிந்து எதையோ படித்தார், பிறகு தணிந்த குரலில் கேட்டார், "கழுத்துல பழைய தழும்பு இருக்குதுன்னு வார்டு டாக்டர் போட்டிருக்கறாருங்களே அக்கா. முன்ன எப்பவாச்சும் உசுர மாய்ச்சுக்கப் பாத்தாருங்களா?" அக்கா என்றுவிட்டார். இல்லீங்க என்றாள். "தழும்பு?" மோட்டார் பெல்ட்டுங்க, அறுந்து அடிச்சுருச்சுங்க. இதையும் அவள் வாய்தான் சொன்னது, இத்தனை நாள் சொல்லிச் சொல்லித் தடம் விழுந்த வழியில் தானாகவே போய்விட்டது. தோட்டம் காடு உள்ள குடும்பத்தில் பிறந்தவர்தான் அந்த டாக்டரும், எந்த மோட்டாருக்குப் பெல்ட் உண்டு, எதற்குக் கிடையாது என்று தெரியாமலா இருக்கும். குனிந்து வார்டு டாக்டர் எழுதியதை மறுபடி பார்த்தார். "ஏனுங்க தாமோதரன், அப்படித்தானுங்களா?" என்றார். தாமு திரும்பி அக்காவைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். குழந்தை விழுந்துவிடுமோ என்று கை நீட்டிக்கொண்டே பின்னால் போகிறவர்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தான். டேப்லெட்டுக்குத் திரும்பி, "ஆமாங்க. பெல்ட்டுதானுங்க. நல்லாத்தான் இருக்கறனுங்க" என்றான்.

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. நல்லதுங்க, மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க, ஊருப்பக்கம் வந்தாப் பாக்கலாமுங்க என்று சொல்லிவிட்டு அவர் மறைந்தார், டேப்லெட்டில் மறுபடி அவள் முகம் மட்டும் பெரிதாக வந்து நின்றது, கவுண்டர் பெண் வந்து எடுக்கும்வரை அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மெர்சி ஒன்றும் திட்டவில்லை. திட்டிவிடுங்களேன் என்று துளசிமணி காத்திருந்தாள். "திரும்பக் கூப்பிடச் சொல்லலாமுங்களா மேடம்? நான் இப்பச் சொல்லிர்றனுங்க, இப்ப வந்துருமுங்க" என்றாள். "அப்பீல் போடலாம்மா. அதுக்குப் பதில் வர வரைக்கும் கட்டில் தர மாட்டாங்க" என்றார் மெர்சி, சொல்லிவிட்டு அவள் தோளில் கை வைத்தார், பிறகு அதை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனார். எதற்குச் சொன்னேன்? வெள்ளகோயிலுக்காகவா, மருந்து வரிசைக்காகவா, பீரோவில் இருக்கும் சட்டைக்காகவா, ஒன்றையும் யோசிக்கவில்லை, யோசிப்பதற்குள் வந்துவிட்டது, நெருப்பில் கை பட்டால் இழுத்துக்கொள்வதுபோல. ஆனால் கை அவளுடையது, நெருப்பில் இருப்பது அவன். அந்தப் பெரியவராவது மரியாதைக்குச் சொன்னார். அதே நேரம், அவளுக்கே அருவருப்பாக இருக்கும்படி, அடிவயிற்றில் ஒரு ஓரத்தில், நிச்சயத்துக்கு மாமன் இருப்பான் என்று ஒரு நிம்மதியும் புழுப்போல ஊர்ந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாமு வார்டு உடுப்பைக் கழற்றிவிட்டுத் தன் சட்டை பேண்ட்டோடு வந்தான், பேண்ட் இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான், தலையை வாரியிருந்தான், போகலாங்க்கா என்றான், சௌமியாவுக்கு ஏதாவது வாங்கிட்டுப் போலாமா என்றான். பின்னாலேயே நர்ஸ் ஒருத்தி ஒரு கேரி பேக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே சேர்க்கிற அன்றைக்கு இந்த வார்டில் எல்லோரிடமும் வாங்கி வைத்துக்கொள்கிற சாமான்கள்தான்: இடுப்பு பெல்ட், துண்டு, அரைஞாண் கயிறு, ஷேவிங் பிளேடு. "இவருகிட்டயே குடுத்துரட்டுமாம்மா?" என்று அவள் கேட்டுக்கொண்டே அவனிடம் நீட்டினாள். துளசிமணியின் கை பாய்ந்தது. நர்ஸின் விரலே நெரிபடும்படி அந்தப் பையைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். நர்ஸ் அவளைப் பார்த்தாள். வார்டு வாசலில் நின்றிருந்த மெர்சி பார்த்தார். டேப்லெட்டில் சொல்லாததை இதோ நடுநடைபாதையில் அத்தனை பேர் பார்க்கச் சொல்லியாகிவிட்டது, கேட்க வேண்டியவர் மட்டும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் அடுத்த ஆளோடு பேசிக்கொண்டிருப்பார். தாமு மட்டும், "அக்காளே வெச்சுக்கட்டுங்க" என்றான் நர்ஸிடம், அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. வெளியே வெயிலில் கண் கூசியது. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வேண்டாம், நடக்கலாம் என்றான், பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே முன்னால் நடந்தான், அவள் பையை இறுக்கிக்கொண்டு பின்னால். இதை எங்கே வைப்பது, பீரோவில் வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளலாம், சரி, இது ஒன்று ஆயிற்று. அப்புறம் கிணற்றில் தண்ணீர் சேந்துகிற கயிறு. கொடிக்கயிறு. இரண்டு மாட்டுத் தும்புக்கயிறு, கன்றுக்குட்டியினுடையது தனி. சேலைகள், எத்தனை சேலைகள் ஒரு வீட்டில். மூட்டை கட்டுகிற சணல். பருத்திக்காட்டுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி அட்டாலி மேலே இருக்கிறது, அதை மறந்தே போனாளே. எல்லாவற்றையும் ஒரு வேளையில் ஒதுக்கிவிடலாம், வீட்டுக்காரரிடம் சொன்னால் செய்வார், ஆனால் நிச்சயத்துக்கு முந்தின நாள் பந்தல்காரர்கள் வருவார்கள், வாசல் நிறையக் கயிறாகக் கொண்டுவந்து போடுவார்கள், யாராவது பிடித்துக்கொடுக்க ஆள் வேண்டும் என்பார்கள், தாமு போய்ப் பிடிப்பான், ஒழுங்காக முடிச்சுப் போடத் தெரிந்தவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான்.